நான்காவது டிஸ்க்குக்கு வரவேற்பு

டெல்ஃபினாவைப் போன வாரம் மாடிப்படியில் பாதியில் நிறுத்திவிட்டு வந்துவிட்டோம். ஒரு கையில் கெட்டில், இன்னொரு கையில் பாவாடை நுனி, கண் இரண்டும் மேலறையில் எரியும் அந்த மஞ்சள் விளக்கில். மலையூரான ஓரூரோவின் காலைக் குளிரில் அவளை இன்னும் அங்கேயே நிற்க விடுவது நியாயமில்லை. இடையில் வந்து சேர்ந்தவர்களுக்கு நடந்ததைச் சுருக்கிச் சொல்லிவிட்டு அவளை மேலே அனுப்பலாம்.

டெல்ஃபினா கல்யாணங்களையும் மாதா திருவிழாக்களையும் வீடியோ எடுப்பவள். கணவன் செவேரோ பித்தளை வாத்திய பேண்டு நடத்துகிறவன். 'ட்ருவேனோ' பேண்டு என்றால் ஊர்வலத்தில் இரண்டு தெரு தள்ளியே ஜன்னல் கண்ணாடி பேசும். ஒரே மகன் லிம்பெர். பகலில் வாடகை மினிபஸ் ஓட்டுவான், விழா நாட்களில் அப்பாவின் பேண்டில் ட்ரம்பெட் வாசிப்பான். இந்தச் செவ்வாய்க்கிழமை அவனைப் போலீஸ் கொண்டுபோய்விட்டது.

ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை இரவு, வின்டோ சாலையில் ஒரு மினிபஸ் எவுலோகியோ என்ற காவலாளியை அடித்துப் போட்டுவிட்டு நிற்காமல் போயிற்று. மனிதர் விடியும்வரை தாங்கவில்லை. அது லிம்பெர் ஓட்டும் மினிபஸ்தான் என்று இப்போது தெரிந்திருக்கிறது. லிம்பெரோ, வண்டியை ஷெட்டில் விட்டுவிட்டுப் போயிருந்தேன், யாரோ எடுத்து ஓட்டியிருக்கிறார்கள், அன்றிரவு முழுக்க நான் சல்லபாத்தா ஊரில் ஒரு கல்யாணத்தில் வாசித்துக்கொண்டிருந்தேன், அம்மாவே படம் எடுத்தாள் என்கிறான்.

எடுத்தாள்தான். அந்தப் படம் மேலறையில், சுரங்க மாதாவின் படத்துக்குக் கீழே, ரொட்டி டப்பா அளவிலான கறுப்புப் பெட்டி ஒன்றில் கிடக்கிறது. பெட்டிக்குள் நான்கு ஹார்ட் டிஸ்க். வீட்டில் எந்த அறையிலிருந்தும் வைஃபை வழியாக அதைத் திறக்கலாம். ஒவ்வொரு படத்தையும் நான்காகப் பங்கு போட்டு வைத்துக்கொள்ளும் பெட்டி அது. ஒரு டிஸ்க் செத்தால் மற்ற மூன்றும் அதன் பங்கைக் கணக்குப் போட்டுச் சொல்லிவிடும். இரண்டு செத்தால் எல்லாமே போச்சு.

கல்யாண வீட்டாரிடம் வெட்டி ஒட்டிப் பாட்டுச் சேர்த்த படம் ஒன்று இருக்கிறது. அதில் நேரம் தெரியாது. லிம்பெருக்காக வாதாடும் பெண் வக்கீலுக்கு வேண்டியது வெட்டாத மூலப்படம், கேமராவின் கடிகாரத்தோடு. நாளைச் சனிக்கிழமை காலை அரசாங்க நிபுணர் வந்து பெட்டியை சீல் வைத்து எடுத்துப்போகட்டும் என்று அந்த வக்கீலே மனுக் கொடுத்து அனுமதியும் வாங்கிவிட்டாள். திங்கட்கிழமை விசாரணை.

ஆனால் பெட்டியில் ஒரு டிஸ்க் போன ஞாயிற்றுக்கிழமையே செத்துச் சிவப்பு விளக்கு எரிந்தது. இன்று, வெள்ளிக்கிழமை காலை, இன்னொன்றில் மஞ்சள் எரிகிறது. மஞ்சள் என்றால் நோய் என்று அர்த்தம்.

இப்போது டெல்ஃபினா மீதிப் படிகளை ஏறட்டும்.

மேலறையில் செவேரோ மண்டியிட்டிருந்தான். ஜெபம் செய்கிறான் என்று ஒரு கணம் நினைத்தாள். அவன் கை பெட்டிக்குள் இருந்தது. சிவப்பு விளக்கு எரிந்த இடத்தில் இப்போது ஒரு புது டிஸ்க், பச்சையாகச் சிமிட்டிக்கொண்டிருந்தது.

"என்ன பண்ணினே செவேரோ?"

"செத்த பல்லைப் பிடுங்கிட்டுப் புதுப் பல்லு வச்சேன். நேத்து ஜெயில்லேர்ந்து திரும்பறப்ப வாங்கினது. சந்தோஷப்படுவேன்னு பாத்தா பேயறைஞ்சாப்புல நிக்கறே."

டெல்ஃபினா கெட்டிலைத் தரையில் வைத்தாள்.  அந்தக் கல்யாணப் படத்தை முதலில் தனியாக ஒரு காப்பி எடுத்துக்கொண்டு, பிறகு புது டிஸ்க்கைச் செருக வேண்டும் என்று இரவெல்லாம் புரண்டு படுத்து முடிவு செய்திருந்தாள். அதைச் சொல்லத்தான் கெட்டிலோடு ஏறி வந்தாள். புது டிஸ்க் உள்ளே போனதும் பெட்டி தானாகவே அதை நிரப்பத் தொடங்கிவிடும். மூன்று பழைய டிஸ்க்கும் மூச்சு விடாமல் சாயங்காலம் வரை ஓடியாக வேண்டும். அதில் ஒன்று ஏற்கெனவே மஞ்சள், கூடவே காப்பியும் எடுக்கப் போனால் தாங்காது. நடுவில் நிறுத்தி அணைத்தால், வயசான டிஸ்க் திரும்பக் கண் விழிக்குமா என்பது மாதாவுக்குத்தான் தெரியும்.

இதையெல்லாம் சொன்னாள். செவேரோ கேட்டுக்கொண்டான். எனக்குத் தெரியாதே என்றான். நேற்றுச் சிறைக்குப் போய் மகனைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து அவனுக்குப் பேச்சு குறைந்திருந்தது. பையன் எப்படி இருக்கிறான் என்று கேட்டதற்கு, மெலிந்துவிட்டான் என்பதோடு முடித்துக்கொண்டான்.

எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டே, சாயங்காலம் பேண்டுப் பசங்க வர்றாங்க என்று சேர்த்துச் சொன்னான். மாதத்தின் முதல் வெள்ளி. பூமித்தாய்க்குப் படையல். அதோடு புது டிஸ்க்குக்கும் வரவேற்பு, லிம்பெருக்கும் ஒரு வேண்டுதல்.

அந்த வீட்டில் எது புதிதாக வந்தாலும் வரவேற்பு உண்டு. மினிபஸ்ஸுக்கு உண்டு, தையல் மெஷினுக்கு உண்டு, கேமராவுக்கு உண்டு. நான்கு மூலையிலும் பீர் தெளித்து, காகிதச் சுருள் மாட்டி, பேண்டு மொத்தமும் நின்று ஒரு டியானா வாசிக்கும். டியானா என்றால் மூச்சு விடுவதற்குள் முடிந்துவிடுகிற முழக்கம்தான். ஆனால் அதை ட்ருவேனோ வாசித்தால் பக்கத்து வீட்டுக் கோழி முட்டையிடாது.

கீழே அடுப்படியில் செவேரோவின் அக்கா ஓர்த்தென்சியா ஊதாச் சோளக் கஞ்சியைக் கிண்டிக்கொண்டிருந்தாள். லவங்கப் பட்டை வாசம் வீடு முழுக்க. தம்பி வீட்டில் முதல் வெள்ளிப் படையலை அவள்தான் நடத்துவாள். லாமா மிருகத்தின் கொழுப்பும் கோபால் எனும் சாம்பிராணிப் பிசினும் சர்க்கரை வில்லைகளும் மேஜைமேல் காகிதத்தில் பரப்பியிருந்தன.

"என்ன டெல்ஃபி, உன் பெட்டிக்கு மறுபடியும் காய்ச்சலா? அதுக்கும் ஒரு டம்ளர் கஞ்சி கொண்டு போ. இந்த வீட்டுல மனுஷங்களைவிட அதுக்குத்தான் வைத்தியச் செலவு."

டெல்ஃபினா சிரிக்க முயன்றாள். வைத்தியம் குறைவாகவா நடந்தது?

முதல் டிஸ்க் செத்தபோது கரண்ட்டைக் குற்றம் சொன்னார்கள். அந்தத் தெருவில் வெல்டிங் பட்டறை ஓட ஆரம்பித்தால் வீட்டு பல்புகள் கண்ணடிக்கும். அதனால் ஸ்டெபிலைசர் வாங்கி வைத்தார்கள். இரண்டாவது செத்தபோது, சந்தையில் சிலி நாட்டுக் கடத்தல் சரக்கு வாங்கினால் இப்படித்தான் என்றார் பேண்டின் டியூபாக்காரர். உடனே லா பாஸுக்கு ஆள் அனுப்பி, பெரிய கடையில் ஒட்டுப் பிரிக்காத டிஸ்க்காக வாங்கி வந்தார்கள். கேபிளை மாற்றினார்கள். பவர் அடாப்டரை மாற்றினார்கள். ஒரே குழியில்தான் சாகிறதோ என்று டிஸ்க்குகளை இடம் மாற்றிப் பார்த்தார்கள். மூன்றாவதும் செத்தது.

அப்போது அந்த லா பாஸ் கடைக்காரர்தான் டிஸ்க்கோடு வந்த காகிதத்தைப் புரட்டி ஒரு வரியைக் காட்டினார். மூவாயிரம் மீட்டர் உயரத்துக்கு மேல் உத்தரவாதம் இல்லை. டிஸ்க்குக்குள் தட்டு சுழல, அதைத் தொடாமல் காற்றின் மேல் மிதந்தபடி ஒரு முள் படிக்குமாம். காற்று மெலிந்த ஊரில் முள் தாழப் பறக்குமாம். ஓரூரோ அந்த வரம்புக்கு எவ்வளவோ மேலே இருக்கிறது. அதனாலென்ன, ஊரைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கவா முடியும் என்று எல்லோரும் சிரித்துவிட்டு வந்துவிட்டார்கள். காரணம் கிடைத்த நிம்மதி.

டெல்ஃபினாவுக்கு மட்டும் அந்த நிம்மதி ஒட்டவில்லை. சதுக்கத்துப் பக்கம் போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கிற பெனிதாவிடமும் இதே பெட்டி இருக்கிறது. அவளும் இதே காற்றைத்தான் சுவாசிக்கிறாள். அவள் டிஸ்க் ஒன்றுகூட இதுவரை சாகவில்லை.

கஞ்சி டம்ளரோடு மாடிக்குத் திரும்பி, பெட்டியின் தலைமேலேயே அதை வைத்துவிட்டு, லேப்டாப்பைத் திறந்து பார்த்தாள். நிரப்பும் வேலை நடந்துகொண்டிருந்தது. திரையில் ஒரு எண் மெதுவாக ஏறியது. காது வைத்துக் கேட்டாள். உள்ளே மூன்று கிழடுகளும் ஒரு குழந்தையும் முனகின. மஞ்சள் விளக்கு எரிந்த டிஸ்க் மட்டும் நடுநடுவே நாக்கைத் தட்டியது.

அப்போது கீழே அந்தச் சத்தம்.

ஒரே ஒரு அடி. செவேரோ ஒத்திகை அறையில் பெரிய மேளத்தின் தோலை இறுக்கிவிட்டுத் தட்டிப் பார்த்திருக்கிறான். ஆள் உயரத்தில் பாதி இருக்கும் பொம்போ மேளம் அது. ஒத்திகை அறை பெட்டி இருக்கும் அறைக்கு நேர் கீழே. இரண்டுக்கும் நடுவில் வெறும் மரப்பலகைத் தரை.

சத்தம் காதுக்கு வருமுன்னே டெல்ஃபினாவின் பாதத்துக்கு வந்தது. கஞ்சியின் மேல் ஊதா வளையங்கள் ஓடின. திரையில் எண் நின்றது.

பெட்டிக்குள் முனகலும் நின்றது. நாக்குத் தட்டல் மட்டும், வேகமாக, திரும்பத் திரும்ப. பிறகு யாரோ பெருமூச்சு விட்டாற்போல எல்லாம் மறுபடி ஓடத் தொடங்கியது.

டெல்ஃபினா அசையாமல் உட்கார்ந்திருந்தாள். இன்னொரு அடி. மறுபடி வளையங்கள். மறுபடி எண் நின்றது.

அவள் பெட்டி தன் உடல்நிலையைத் தானே எழுதி வைக்கும் பக்கத்தைத் திறந்தாள். இதற்கு முன் பலமுறை பார்த்த பக்கம்தான். எது செத்தது, என்றைக்குச் செத்தது என்று மட்டுமே தேடியிருக்கிறாள். இப்போது முதல் கீறல் என்றைக்கு விழுந்தது என்று பார்த்தாள். இதுவரை மாற்றி வைத்த மூன்று டிஸ்க்குகளுக்கும் ஒரே பதில். வீட்டுக்கு வந்த அன்றே, சாயங்காலமே.

வந்த அன்று சாயங்காலம் என்ன நடந்தது?

முதல் டிஸ்க் வந்த அன்று மழை பெய்தது, அதனால் பேண்டில் பாதிப்பேர் இந்த அறைக்குள்ளேயே நெருக்கியடித்து நின்று டியானா வாசித்தார்கள். இரண்டாவதுக்கு முற்றத்தில். மூன்றாவதுக்கு, முன்னதெல்லாம் போனதால் நன்றாகவே செய்வோம் என்று, இன்னும் இரண்டு மேளம் சேர்த்து, கீழ் அறையில். அதற்கப்புறம் வாராவாரம் ஒத்திகை. முள் தாழப் பறக்கிற ஊரில், தட்டுக்கு மேல் மயிரிழையில் தொங்குகிற முள்ளை, இவர்கள் அன்பாகக் கூப்பிட்டு வைத்து மேளத்தால் அடித்திருக்கிறார்கள்.

ஒவ்வொரு டிஸ்க்கும் நீடூழி வாழட்டும் என்று வாசித்த வாசிப்பே அதைக் கொன்றிருக்கிறது.

அவள் கீழே இறங்கிப் போனபோது செவேரோ மேளத்தைச் சாய்த்து ஆணி முறுக்கிக்கொண்டிருந்தான். கையைப் பிடித்து மேலே கூட்டி வந்தாள். லேப்டாப் முன்னால் உட்கார வைத்து, எண்ணைக் காட்டி, இதையே பார்த்துக்கொண்டிரு என்றாள். பிறகு தானே இறங்கிப் போனாள். தன் கையால் பெட்டியைக் காயப்படுத்துகிறோம் என்று தெரிந்தே, மேளக் கட்டையை எடுத்து, மனதார மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, மெதுவாக ஒரே ஒரு அடி அடித்தாள்.

மேலே வந்தபோது செவேரோவின் முகம் வெளுத்திருந்தது.

"என் மேளம்தான் கொன்னுச்சுன்னு சொல்றே."

"நான் சொல்லல. நீயே பாத்தே."

செவேரோ தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தான். முப்பது வருஷம் அந்த மேளத்துக்குப் பின்னால் நடந்தவன். அவனுடைய உள்ளங்கைத் தோலும் அந்த மேளத்தின் தோலும் ஒரே நிறம். டெல்ஃபினாவுக்கு அவனை அணைத்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது, ஆனால் நேரமில்லை. இன்று சாயங்காலம் வேண்டாம் என்றாள். பெட்டி நிரம்பும் வரை, நாளை அந்த நிபுணர் வந்து எடுத்துப்போகும் வரை, இந்த வீட்டில் ஒரு விசில் சத்தம்கூட வேண்டாம். பிறகு இந்த வருஷத் திருவிழா முழுவதற்கும் இங்கேயே வாசியுங்கள், நானே பீர் ஊற்றுகிறேன்.

படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்த ஓர்த்தென்சியா உள்ளே வந்தாள். அவள் முகத்தில் காலையில் இருந்த கேலி இல்லை.

"முதல் வெள்ளிக்கு வாத்தியத்தைத் திருப்பி அனுப்பறதா? எங்க அப்பா செத்துக் கிடந்த மாசம்கூட நிறுத்தல. கொடுக்க வேண்டியதைக் கொடுக்காம விட்டா பூமித்தாய் காத்துக்கிட்டு இருக்க மாட்டா, டெல்ஃபி. வேண்டியதை அவளே பொறுக்கி எடுத்துக்குவா."

"எடுக்கட்டும் அக்கா. என் பையனைத் தவிர எதை வேணா எடுத்துக்கட்டும்."

"அதைச் சொல்லாதே." ஓர்த்தென்சியா அவசரமாகச் சிலுவை போட்டுக்கொண்டாள். "அவளுக்கு விலை பேசறது பிடிக்காது."

செவேரோ இருவருக்கும் நடுவில் தரையையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு, சரி, பசங்ககிட்ட போய்ச் சொல்லிட்டு வர்றேன் என்று தொப்பியை எடுத்தான். வாசல் வரை போனவன் திரும்பி வந்தான். அந்தப் படத்தை நீ முழுசாகப் பார்த்திருக்கிறாயா என்று மனைவியைக் கேட்டான்.

இல்லை என்றாள் அவள். அன்று அவள் கையிலிருந்த கேமராவோடு மணமக்கள் பின்னாலேயே அலைந்துகொண்டிருந்தாள். பேண்டை எடுத்தது ஸ்டாண்டில் நிறுத்திய இன்னொரு கேமரா. அது பாட்டுக்கு இரவு முழுக்க ஓடியது. ஊர்வலத்தின்போது லிம்பெர் முன் வரிசையில் கன்னம் உப்ப வாசித்ததை அவளே பார்த்தாள், அது போதாதா? கல்யாண வீட்டுக்குக் கொடுத்ததற்கும் அந்தப் பகுதியிலிருந்துதான் வெட்டி எடுத்தாள்.

"போதும்," என்றான் செவேரோ. போய்விட்டான்.

மத்தியானம் முழுக்க வீடு மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. தகரக் கூரைமேல் காற்று மணலை வாரி இறைத்தது. தெருவில் லாரி போனால்கூட டெல்ஃபினாவின் தோள் தூக்கிப் போட்டது. போர்வையை நான்காக மடித்துப் பெட்டிக்கு அடியில் செருகினாள், தூங்கும் ஒரு குழந்தையின் தலையைத் தூக்குவது போல, ஒவ்வொரு பக்கமாக. எண் ஏறிக்கொண்டிருந்தது. பாதி தாண்டியது. மஞ்சள் டிஸ்க் நாக்கைத் தட்டும், அவள் மாதாவைப் பார்ப்பாள், அது திரும்ப ஓடும்.

அந்தக் காவலாளி எவுலோகியோவின் மனைவியையும் நினைத்துக்கொண்டாள். அரசு வக்கீல் அலுவலக வாசலில், புருஷனின் போட்டோவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு தினமும் நிற்கிற பெண். புதன்கிழமை டெல்ஃபினா உள்ளே போகும்போது இருவர் கண்ணும் சந்தித்தன. அந்தப் பெண் திட்டவில்லை. நீங்கள்தான் அம்மாவா என்று மட்டும் கேட்டாள். உண்மையில் ஓட்டியவன் எவனோ, அவன் அகப்படட்டும் தாயே, உனக்கும் ஆறட்டும், எனக்கும் ஆறட்டும் என்று டெல்ஃபினா இப்போது மனதுக்குள் பதில் சொன்னாள்.

வெளிச்சம் மங்குகிற நேரத்தில் போன் அடித்தது. வக்கீல் அம்மா. நாளைக்கு நிபுணர் வருவது உறுதி, இனி நாம் வேண்டாம் என்றாலும் பெட்டியை எடுத்துப்போவார்கள், அதனால் பத்திரமாக வையுங்கள் என்றாள். ஒரு சின்ன வேலை. மினிபஸ் இடித்தது இரவு பதினொன்றைத் தாண்டி. அந்த நேரத்தில் லிம்பெர் படத்தில் எந்த இடத்தில் வருகிறான் என்று குறித்துக் கொடுத்தால், அவர்கள் நேராக அங்கே போய்ப் பார்த்துக்கொள்வார்கள்.

டெல்ஃபினாவுக்குப் பெட்டியைத் தொடவே பயம். ஆனால் நிரப்பும் வேலை முக்கால்வாசி தாண்டியிருந்தது. ஒரு துளிதானே என்று ஸ்டாண்டு கேமராவின் படத்தைத் திறந்தாள்.

பெட்டி திணறித் திணறிக் கொடுத்தது. படம் நிற்கும், துள்ளும், மறுபடி நிற்கும். கல்யாணக் கூடம், கலர் பல்பு, பீர்ப் பெட்டிகள் அடுக்கிய சுவர். மேடையில் ட்ருவேனோ. ஓரத்தில் கடிகாரம். அவள் பதினொன்றுக்குத் தள்ளினாள்.

ட்ரம்பெட் வரிசையில் ஒரு இடம் காலி.

தண்ணீர் குடிக்கப் போயிருப்பான். தள்ளினாள். மொரெனாதா நடன இசை ஒன்றை முழுசாக வாசிக்கிறார்கள், இடம் காலி. இன்னும் தள்ளினாள். பின் வரிசைப் பையன் ஒருவன் அந்த இடத்துக்கு நகர்ந்து வந்திருக்கிறான். நள்ளிரவு. லிம்பெர் இல்லை. ஒரு மணி. இல்லை.

பின்னோக்கிப் போனாள். பத்துக்குக் கொஞ்சம் முன்னால் அவனைக் கண்டுபிடித்தாள். போனைக் காதில் வைத்தபடி ட்ரம்பெட்டை நாற்காலிமேல் வைக்கிறான். தூணில் மாட்டியிருந்த ஜாக்கெட்டை எடுக்கிறான். மினிபஸ் சாவியை விரலில் சுழற்றுவது அவன் பழக்கம். சுழற்றுகிறான். மேடையின் மறுகோடியில் இருக்கிற தன் அப்பாவிடம் குனிந்து ஏதோ சொல்கிறான். செவேரோ தலையசைக்கிறான். மகன் போன பிறகு, கையிலிருந்த கட்டையால் பின் வரிசைப் பையனைச் சுட்டி, முன்னால் வா என்கிறான்.

படம் அங்கே உறைந்து நின்றது. பெட்டி மூச்சு வாங்கியது.

டெல்ஃபினா செவேரோவின் உறைந்த கையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். செவ்வாய்க்கிழமையிலிருந்து, பையன் என்கூடத்தான் வாசிச்சான் என்று போலீஸிலும் வக்கீலிடமும் அவளிடமும் சொன்ன வாய் அவனுடையது. படம் இருக்கிறது, படம் இருக்கிறது என்று எல்லோரிடமும் ஓடி ஓடிச் சொன்னவள் அவள்தான். மனுக் கொடுக்கச் சொல்லி வக்கீலின் கையைப் பிடித்துக் கெஞ்சியதும் அவளே.

அப்போதுதான் முற்றத்தில் காலடிகள் கேட்டன. நிறையக் காலடிகள். பித்தளை பித்தளையில் உரசுகிற சத்தம். கரியும் கோபால் பிசினும் புகைகிற வாசம் ஜன்னல் வழியே ஏறி வந்தது.

எட்டிப் பார்த்தாள். ட்ருவேனோ முழுவதும் நின்றது, கம்பளிக் குல்லாய்களோடு, வாத்தியங்களோடு. வேறு பேண்டுகளிலிருந்தும் மேளக்காரர்களை அழைத்து வந்திருந்தான் செவேரோ. மூன்று மேளம் வாசிக்கிற முற்றத்தில் ஏழு மேளம் நின்றது. லிம்பெருக்காக வந்தோம் டோன்யா டெல்ஃபினா, விடுதலையாகி வரட்டும் என்று டியூபாக்காரர் கீழேயிருந்து தொப்பியைத் தூக்கினார். ஓர்த்தென்சியா படையல் தட்டைக் கரியின்மேல் இறக்கிக்கொண்டிருந்தாள்.

செவேரோ படியேறி வந்தான். கதவருகே நின்றான். லேப்டாப் திரையைப் பார்த்தான், அதில் உறைந்திருக்கிற தன்னையே பார்த்தான்.

"நேத்து ஜெயில்லதான் என்கிட்ட உண்மையைச் சொன்னான்," என்றான். "அன்னிக்குப் போறப்ப, ஒரு சவாரி, சீக்கிரம் வந்துடறேன்னு மட்டும் சொல்லிட்டுப் போனான். நான் போலீஸ்ல சொன்னப்ப எனக்கு ஒண்ணும் தெரியாது டெல்ஃபி. பையனை விட்டுக்கொடுக்கக் கூடாதுன்னு சொன்னேன். இன்னிக்குக் காலையில டிஸ்க்கை மாத்தினப்பகூட என்ன பண்றதுன்னு தெரியல. அவ்வளவுதான்."

"எங்கே போனான்?"

"அதை அவன் வாயால கேளு."

"அந்த வண்டியில வேற யார் இருந்தாங்க?"

 ஒரு கணம் செவேரோவின் கண் ஜன்னல் பக்கம் போயிற்று. கீழே புகைக்கு நடுவே நிற்பவர்களில் யாரைப் பார்த்தான் என்று டெல்ஃபினாவால் சொல்ல முடியவில்லை.

"நீ போகச் சொல்லுன்னு சொன்னா அனுப்பிடறேன்," என்றான். "இப்பவே. ஒரு வார்த்தை சொல்லு."

காலையிலிருந்து 'வேண்டாம்' என்ற அந்த ஒரு வார்த்தையைத்தான் அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். இப்போது அது வரவில்லை. கழுத்தில் போட்டோ மாட்டிய அந்தப் பெண் கண்முன் வந்து நின்றாள், நீங்கள்தான் அம்மாவா என்று மறுபடி கேட்டாள். ஆமாம் என்பதைத் தவிர டெல்ஃபினாவிடம் வேறு பதில் இல்லை.

செவேரோ காத்திருந்தான். பிறகு தலையை ஆட்டிக்கொண்டு மெதுவாகப் படியிறங்கிப் போனான்.

டெல்ஃபினா எழுந்தாள். பெட்டியின் ஒரு பக்கத்தைத் தூக்கி, அடியில் செருகிய போர்வையை உருவி எடுத்தாள். மறு பக்கத்தைத் தூக்கி மிச்சத்தையும் உருவினாள். ஜன்னல் இரண்டையும் அகலத் திறந்தாள். திரும்ப வந்து, வெறும் பலகையில் உட்கார்ந்திருந்த பெட்டியின் மேல் இரண்டு உள்ளங்கையையும் வைத்துக்கொண்டாள். சூடாக இருந்தது, காய்ச்சல் கண்ட குழந்தையின் முதுகு போல.

முற்றத்தில் பேச்சு அடங்கியது. முதல் அடி அவள் பாதத்துக்கு வந்தது.